எண்ணுக்கு ஒரு பெட்டி

மாங்காடு காமாட்சியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தைக் குவித்து வைத்து விற்பார்கள். ஆறு வாரம் பழத்தோடு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தக் குவியலில் உள்ள ஒவ்வொரு பழத்தையும் தனித்தனி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே 'எலுமிச்சை' என்று சீட்டும் ஒட்டி அடுக்கினால் என்ன ஆகும்? கூடை போதாது, வண்டி வேண்டும். வாங்க வருகிறவர் சீட்டைப் படித்து, பெட்டியைப் பிரித்து, பழத்தை எடுத்து, பெட்டியைத் தெருவில் போட்டுவிட்டுப் போவார். தெரு கூட்டுகிறவருக்கு ஓயாத வேலை.

நான் பல ஆண்டுகளாக எழுதிவரும் க்ளோஜர் மொழி எண்களை இயல்பாக அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. இதற்கு பாக்ஸிங் என்று பெயர். அதைத் தவிர்ப்பதற்காக, எண்ணின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கூரைக் குறி போட்டு 'லாங்' என்றோ 'டபுள்' என்றோ எழுதுகிறோம். இது டைப் ஹின்ட், அதாவது வகைக் குறிப்பு. இந்த வழக்கம் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. ஒருமுறை நன்றாகக் கையைச் சுட்டும் இருக்கிறது. அதனால் இதைப் பற்றி யாராவது 'போடலாமா, வேண்டாமா' என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை.

க்ளோஜரை ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்டார். லிஸ்ப் குடும்பத்து மொழி. ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஓடுகிறது. ஒரு பட்டியலுக்குள் எண்ணும் பெயரும் இன்னொரு பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், எந்த ஃபங்ஷனும் எதையும் வாங்கிக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. எல்லாம் ஒரே அளவு கைப்பிடியால் தூக்கக்கூடியதாக இருந்தால்தான் எதையும் எங்கும் வைக்க முடியும். ஆகவே எண்ணும் ஒரு பொருளாக, பெட்டிக்குள் போகிறது. வெறும் லாங் எண்ணுக்கு 8 பைட் போதும். இன்றைய வழக்கமான 64 பிட் ஜாவாவில் அதையே பெட்டியில் வைத்தால் தலைப்புக்கு 12, இட்டு நிரப்ப 4, எண்ணுக்கு 8 என்று 24 பைட். பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிக்கு இன்னும் 4. பத்து லட்சம் எண்களை வெறுமனே வைத்தால் 80 லட்சம் பைட். பெட்டிகளில் வைத்தால் 2 கோடியே 80 லட்சம் பைட்.

இடத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. பெட்டியிலுள்ள இரண்டு எண்களைப் பெருக்க வேண்டுமென்றால், முதலாவது என்ன வகை, இரண்டாவது என்ன வகை என்று ஓடும்போதே பார்க்க வேண்டும். அதற்கேற்ற பெருக்கலைத் தேர்ந்தெடுத்து, பிரித்து, பெருக்கி, விடையைப் புதுப்பெட்டியில் அடைக்க வேண்டும். மைனஸ் 128 முதல் 127 வரையிலான முழு எண்களுக்கு மட்டும் ஜாவா பெட்டிகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது, மற்றவற்றுக்கெல்லாம் புதுப்பெட்டிதான். 127 என்று இரண்டு முறை எழுதி 'இரண்டும் ஒரே பொருளா' என்று க்ளோஜரிடம் கேட்டால் ஆம் என்கிறது, 128க்கு இல்லை என்கிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போகும் இடம் இது.

என் வேலை வண்டிகளின் இருப்பிடக் கணக்கு. பூந்தமல்லி, குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று ஓடுகிற சரக்கு வண்டிகள் 10 வினாடிக்கு ஒருமுறை தாம் நிற்கும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அனுப்பும். ஒரு வண்டிக்கு ஒரு நாளில் 8,640 புள்ளிகள். 100 வண்டி என்றால் 8,64,000. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கண்டுபிடிக்க ஹேவர்சைன் சூத்திரம் போட வேண்டும். கழித்தல், பாகைமாற்றம், சைன், கொசைன், வர்க்கம், பெருக்கல் என்று வழியில் பத்துப் பெட்டிகளாவது பிறந்து சாகும். பெட்டிக்கு 24 பைட் வீதம் ஒரு நாள் கணக்கை முடிப்பதற்குள் 20 கோடி பைட்டுக்கு மேல் குப்பை. அதில் ஒரு பைட்டுக்கூட யாருக்கும் விடையாகப் போய்ச் சேர்வதில்லை.

இந்த இடத்தில்தான் வகைக் குறிப்பின் அருமை தெரியும். ஹேவர்சைன் ஃபங்ஷன் வாங்குவது நான்கு எண்கள். நான்குக்கும் முன்னால் டபுள் என்று போட்டு, திருப்பித் தரும் விடைக்கும் டபுள் என்று ஒரு குறிப்பு. மொத்தம் ஐந்து குறிகள். உள்ளே இருக்கும் வரி எதையும் தொட வேண்டாம். வித்தியாசம் டபுள், அதன் பாதி டபுள், அதன் சைன் டபுள் என்று கம்பைலர் தானே தொடர்ந்து ஊகித்துக்கொண்டு போகும். பெட்டி ஒன்றுகூடப் பிறக்காது. ஜாவாவில் கையால் எழுதினால் என்ன இயந்திரக் கட்டளை வருமோ ஏறக்குறைய அதேதான் வருகிறது. மீதி நிரல் முழுக்க, வண்டி எண், ஓட்டுநர் பெயர், சரக்கு விவரம் எல்லாம் பழையபடி எந்தக் குறிப்பும் இல்லாமல் சுதந்திரமாக இருக்கிறது. சூடான இடத்தில் மட்டும் கட்டுப்பாடு, மற்ற இடத்தில் விடுதலை. இப்படி ஒரு மொழி நம்மை நம்புவது எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கிறது.

இது க்ளோஜருக்கு ஆரம்பத்திலேயே வாய்த்ததும் இல்லை. 2011இல் வந்த 1.3 பதிப்பில்தான் ஃபங்ஷன்கள் பெட்டியில்லாத எண்களை வாங்கவும் தரவும் கற்றுக்கொண்டன. அதற்கு ஈடாக ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை முழு எண் கொள்ளளவைத் தாண்டினால் மொழி தானாகவே பெரிய எண்ணுக்கு மாறிக்கொள்ளும். 1.3 முதல் சாதாரணக் கூட்டல் தாண்டும்போது பிழை எறிகிறது; பழையபடி வளர வேண்டுமென்றால் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் போட்ட வேறு கூட்டலை நாமே கேட்டு வாங்க வேண்டும். அன்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பேரம் நியாயமாகவே படுகிறது. பிழை எறிவது நேர்மையான செயல். மௌனமாகத் தப்பு விடை தருவதுதான் ஆபத்து. துரதிர்ஷ்டவசமாக, வகைக் குறிப்பு வழக்கத்தில் அந்த மௌனம் இரண்டு மூன்று இடங்களில் பதுங்கியிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயில் கூட்டத்தால் எங்கள் தெருவே திணறிக்கொண்டிருந்த நேரம். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி போன் செய்தான். "அண்ணா, எல்லா வண்டியும் இருங்காட்டுக்கோட்டை பக்கத்துல ஒரே இடத்துல நிக்குதுண்ணா."

"எல்லாம்னா?"

"மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்... எல்லாமே. நடுவுல தூரம் ஜீரோ காட்டுது."

வரைபடத்தைத் திறந்தேன். உண்மைதான். நீலப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே புள்ளியாக நின்றன. அந்தப் புள்ளியின் மேல் சுட்டியை வைத்தால் 13, 80. தசமத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மாங்காடு ஏறக்குறைய 13.03, 80.11. பூந்தமல்லி 13.05, 80.09. ஆவடி 13.12, 80.10. அம்பத்தூர் 13.11, 80.15. தசமத்தை வெட்டிவிட்டால் நான்கும் 13, 80 ஆகிவிடுகின்றன. மாங்காட்டிலிருந்து மேற்கே 12 கிலோமீட்டர் தள்ளி, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் விழுகிற புள்ளி அது.

தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. வண்டி எண், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று நான்கு எண்களை வாங்கும் ஒரு சிறு ஃபங்ஷன். முதல் இரண்டுக்கும் லாங் என்று குறிப்பு இருந்தது, அது சரி. வேகத்துக்காகப் பின் இரண்டுக்கும் குறிப்புப் போடும்போது தம்பி அதே லாங்கை நகல் எடுத்திருந்தான். அந்த மாற்றத்தைப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தவன் நான். கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடும்போதும் பிழை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, குறிப்புப் போட்ட ஃபங்ஷனுக்கு இரண்டு வாசல் இருப்பதை அறிய வேண்டும். ஒன்று நேர்வாசல்: பெட்டியில்லாத எண் அப்படியே உள்ளே போகும். இன்னொன்று பொதுவாசல்: மேப், அப்ளை போன்ற உயர்வரிசை ஃபங்ஷன்கள் வழியாக அழைக்கும்போது எண்கள் பெட்டியோடு வந்து சேரும். பொதுவாசலில் நிற்கும் நிரல் பெட்டியைப் பிரித்து, உள்ளே என்ன இருந்தாலும் லாங்காக மாற்றி உள்ளே அனுப்புகிறது. 13.03 என்றால் 13 ஆக்கி அனுப்பும். தசமத்தை வெட்டுவது அதன் பார்வையில் ஒரு மாற்றம்தான், தவறு இல்லை. எங்கள் அழைப்பு மேப் வழியாகப் போனது. பாகையில் வெட்டியதால் கண்ணுக்குத் தெரிந்தது. ரூபாயிலோ கிலோவிலோ வெட்டியிருந்தால், 12.75 என்பது 12 ஆகி, மாதக் கடைசியில் எங்கோ ஒரு கணக்கு இடிக்கும்போதுதான் வெளியே வந்திருக்கும்.

என் முதல் குற்றச்சாட்டு இதுதான். குறிப்பு என்ற பெயரைக் கேட்டால் 'இது லாங் என்று நினைக்கிறேன், நீயே சரிபார்த்துக்கொள்' என்று சொல்வது போல இருக்கிறது. கம்பைலர் சரிபார்ப்பதில்லை, வாக்காக எடுத்துக்கொள்கிறது. ஸ்டிரிங் என்று பொய்க் குறிப்புப் போட்டால் அதன் மெத்தடை அழைக்கும் கணத்திலாவது வகைப் பிழை வெடிக்கும். எண் குறிப்பில் அதுவும் இல்லை; வாக்குக்கு ஏற்றபடி தரவையே வெட்டிக்கொடுக்கிறது.

சென்னையிலேயே இதற்கு ஒரு மாற்று வழி பக்கத்தில் இருக்கிறது. 2022 டிசம்பரில் வெளிவந்த ஓகேமல் 5.0, அந்த மொழியைப் பல கோர்களில் இணையாக ஓடவைத்த பதிப்பு. அந்தப் பல்லாண்டு உழைப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணன். ஓகேமலும் ஃபங்ஷனல் மொழிதான், அதற்கும் இந்தப் பெட்டித் தொல்லை உண்டு. அது வேறு தந்திரம் செய்கிறது. 64 பிட்டில் கடைசி பிட்டை 'இது எண்' என்ற அடையாளத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதி 63 பிட்டில் முழு எண்ணை வைத்துக்கொள்கிறது, பெட்டியே வேண்டாம். தசம எண்கள் பெட்டிக்குள் போகும், ஆனால் தசம எண் வரிசைகளில் பெட்டியில்லாமல் அடுக்கப்படும். அங்கேயும் வகையைக் கையால் எழுதினால் வேகம் கூடும் இடங்கள் உண்டு: எதையும் எதோடும் ஒப்பிடும் பொது ஒப்பீட்டு ஃபங்ஷனுக்குப் பதில், முழு எண் என்று எழுதிவிட்டால் நேரடி ஒப்பீடு கிடைக்கும். ஆனால் அங்கே எழுதுவது சரிபார்க்கப்பட்ட கூற்று. தசம எண் வரும் இடத்தில் முழு எண் என்று எழுதினால் நிரல் கம்பைலே ஆகாது. எங்கள் வண்டிகள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிருக்கவே முடியாது.

அதற்காக ஓகேமலுக்கு மாறிவிடலாமா என்றால், நான் மாற மாட்டேன். தினம் ஒரு புது வடிவில் வரும் சாதனத் தரவை வாங்கி, பார்த்து, பிசைந்து, வடிவம் கொடுப்பதில் க்ளோஜர் தருகிற நெகிழ்வு எனக்கு இன்னும் தேவை. மொழியைக் குறை சொல்வது வேறு, கைவிடுவது வேறு.

இரண்டாவது குறை இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. குறிப்பு தவறாக இருந்தால் தரவு வெட்டுப்படுகிறது. குறிப்பு தொலைந்துபோனால் வேகம் வெட்டுப்படுகிறது. இரண்டுமே மௌனமாக நடக்கும். அழகான ஒரு ரெடியூஸ் எழுதினால், கூட்டுத்தொகை ஒவ்வொரு சுற்றிலும் பொதுவாசல் வழியாகப் போய்ப் பெட்டிக்குள் ஏறி இறங்குகிறது. வெக்டாரில் வைத்தால் பெட்டி. புரோட்டோகால் மெத்தட் வழியாகப் போனால் பெட்டி. ரெக்கார்டின் புலத்தை டபுள் என்று அறிவித்து உள்ளே பெட்டியில்லாமல் வைத்திருந்தாலும், க்ளோஜர்க்காரர் எல்லோரும் செய்வது போல கீவேர்டால் எடுத்தால், எடுக்கும் கணத்தில் பெட்டி பிறந்துவிடும். அதாவது இந்த மொழியை எதற்காக நேசிக்கிறோமோ, அந்த உயர்வரிசை ஃபங்ஷன்கள், மாறாத தரவு அமைப்புகள், பொது இடைமுகங்கள் எல்லாம் குறிப்பைத் தொலைக்கும் இடங்கள். குறிப்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் லூப், ரெக்கர், அர்ரே என்று இறங்கி, கூரைக் குறி தூவிய ஜாவா எழுத வேண்டும். வேகம் வேண்டும் என்று கோப்பு கோப்பாக இதைச் செய்த நிரலைப் படித்திருக்கிறேன். லிஸ்ப்பின் தெளிவும் இல்லை, ஜாவாவின் பாதுகாப்பும் இல்லை.

சின்ன இடறல்களும் உண்டு. விடையின் வகைக் குறிப்பை அளபுருப் பட்டியலுக்கு முன்னால் வைக்க வேண்டும். ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் வைத்தால், லாங் என்ற வகைக்குப் பதில் லாங் என்ற பெயருள்ள ஃபங்ஷனே குறிப்பாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எண் குறிப்புகள் லாங், டபுள் இரண்டுக்கு மட்டும்தான். நான்கு அளபுருக்குமேல் அனுமதி இல்லை. ஹேவர்சைனுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. நேரத்தையும் சேர்த்து வேகம் கணக்கிடலாம் என்று ஐந்தாவது எண்ணைச் சேர்த்தபோது கம்பைலர் நிறுத்திவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. பொருள், லாங், டபுள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று வாய்ப்பு. நான்கு அளபுருவும் ஒரு விடையும் சேர்ந்தால் 243 சேர்க்கைகள், ஒவ்வொன்றுக்கும் தனி இடைமுகம் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஐந்து என்றால் 729. எங்கோ கோடு போட்டாக வேண்டும், போட்டார்கள். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சொல்லும்போது நிற்கிறது, அதுவே பெரிது.

ஆனால் அடுத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. பெட்டி எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க 2015இல் வந்த 1.7 பதிப்பு ஒரு எச்சரிக்கை வசதியைத் தந்தது. அதை இயக்கினால் பெட்டிக் கணக்கு நடக்கும் ஒவ்வொரு வரியையும் கம்பைலர் எண்ணோடு காட்டிவிடும். அருமையான வசதி. அது இருக்கும் இடம்தான் கோளாறு. 'கொள்ளளவு தாண்டினாலும் பார்க்காதே' என்று சொல்லும் அதே சுவிட்சின் இன்னொரு நிலையாக அதை வைத்துவிட்டார்கள். எச்சரிக்கை வேண்டும் என்று திருப்பினால், அந்தக் கோப்பில் கூட்டலும் பெருக்கலும் பிழை எறிவதை நிறுத்திவிடும். தாண்டினால் சுழன்று மறுபக்கம் மைனஸில் போய் நிற்கும். லாங் தாங்குவது 19 இலக்கம் வரைதான். மில்லிவினாடியில் எழுதிய இன்றைய நேரத்தை வர்க்கப்படுத்தினாலே 25 இலக்கம். வேகத்தைப் பற்றிக் கேள்வி கேட்டதற்குத் தண்டனையாகச் சரித்தன்மையைப் பறிப்பது என்ன நியாயம்? இரண்டும் தனித்தனி சுவிட்சுகளாக இருந்திருக்க வேண்டும்.

வரலாற்றில் இது பழைய சண்டைதான். 1970களில் எம்ஐடியின் மேக்லிஸ்ப், எண் கணக்கில் ஃபோர்ட்ரானுக்குச் சளைத்ததில்லை என்று காட்ட இதே வகை அறிவிப்புகளைப் பயன்படுத்தியது. கை ஸ்டீல் 1977இல் அதன் வேகக் கணக்கு முறையை விளக்கி எழுதினார். ஹாஸ்கெல் பக்கத்தில் சைமன் பெய்டன் ஜோன்ஸும் ஜான் லாஞ்ச்பரியும் 1991இல் பெட்டியில்லாத மதிப்புகளை மொழியின் முழு உறுப்பினராகவே ஆக்கிக் காட்டினார்கள். ஜாவா இயந்திரத்திலேயே பெட்டியின் சுமையைக் குறைக்க 2014 முதல் வல்ஹல்லா திட்டம் நடக்கிறது. ஏற்கெனவே ஜாவாவின் ஓட்டநேரக் கம்பைலர், ஒரு பெட்டி ஃபங்ஷனை விட்டு வெளியே போகாது என்று தெரிந்தால் பல சமயம் அதைச் செய்யாமலேயே விட்டுவிடுகிறது. அதனால் நான் முன்பு போட்ட 20 கோடி பைட் கணக்கும் எல்லா நாளும் முழுதாக உண்மையாகாது. குறிப்புப் போடும் முன் ஹ்யூகோ டங்கனின் க்ரைடீரியம் லைப்ரரியால் அளந்து பார்ப்பது நல்லது. அளக்காமல் போட்ட குறிப்புகளில் பல, வேகமும் தராமல் ஆபத்தை மட்டும் தந்து உட்கார்ந்திருப்பதை என் நிரலிலேயே பார்த்திருக்கிறேன்.

க்ளோஜரில் எழுதும் பெரும்பாலோருக்கு இது எதுவுமே வேண்டாம் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. பிரேசிலின் நூபேங்க் வங்கி க்ளோஜரின் மேல்தான் எழும்பியது. 2020இல் அந்த மொழியைப் பராமரிக்கும் காக்னிடெக்ட் நிறுவனத்தையே வாங்கியது. பணத்தைத் துல்லியமாக வைக்கப் பயன்படும் பிக்டெசிமல் எண்ணுக்கு லாங், டபுள் குறிப்புகள் எந்த உதவியும் செய்யாது. படிவத்தை வாங்கி, தரவுத்தளத்தில் போட்டு, பதில் அனுப்பும் நிரலில் நேரம் போவது வலைப்பின்னலில். அங்கே கூரைக் குறி வெறும் இரைச்சல். பல லட்சம் முறை சுற்றும் எண் கணக்கு எங்கே இருக்கிறதோ, அங்கே மட்டும்தான் இதன் இடம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் குழுவில் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டோம். எண் குறிப்புகள் எல்லாம் ஒரே ஒரு கோப்புக்குள். சாதனத்திலிருந்து வரும் தரவு அந்தக் கோப்புக்குள் நுழையும் முன் ஒரு சோதனை: அட்சரேகை தசம எண்தானா, மைனஸ் 90க்கும் 90க்கும் இடையில்தானா, தீர்க்கரேகை மைனஸ் 180க்கும் 180க்கும் இடையில்தானா. தேறாதது வாசலிலேயே நின்றுவிடும். கோப்புக்கு உள்ளே லூப்பும் அர்ரேயும் இருக்கட்டும், யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். வெளியே ஒரு குறிப்பும் கூடாது. பெட்டி எச்சரிக்கை அந்த ஒரு கோப்பில் மட்டும் இயங்கும். எச்சரிக்கை ஒன்று வந்தாலும் பில்டு நிற்கும். கொள்ளளவு தாண்ட வாய்ப்புள்ள முழு எண் கணக்குகளை அந்தக் கோப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம்.

தம்பி தானாகவே ஒரு சோதனை எழுதிச் சேர்த்தான். மாங்காட்டின் புள்ளியையும் ஆவடியின் புள்ளியையும் கொடுத்து, தூரக் கணக்கை ஒருமுறை நேராக அழைக்கிறது, ஒருமுறை மேப் வழியாக அழைக்கிறது. இரண்டு வாசலிலும் விடை 10 கிலோமீட்டரை ஒட்டி வர வேண்டும். எதிலாவது 0 வந்தால் அன்றைக்கு எதுவும் வெளியே போகாது.